பெயர் நீக்கப்பட்டவர்களும் இப்பள்ளியின் மாணவர்களே

(சாத்தூர் வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், 1987ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதிய தோழர்கள் கூடிய இரண்டு நாள் சந்திப்பில், முதல் நாள் பிற்பகல் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்து சிறப்பித்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, பந்தலுக்கும் தண்ணீருக்கும் தாமே முன்நின்று ஏற்பாடு செய்த ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அம்மா அவர்களே, எங்களுக்குக் கணக்கும் தமிழும் அறிவியலும் கற்பித்து, இன்று எண்பது வயதைக் கடந்தும் மாடிப்படி ஏறி இம்மேடைக்கு வந்திருக்கும் என் ஆசிரியப் பெருமக்களே, விசில் சத்தத்திலேயே எங்கள் நடையைத் திருத்திய உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, என் உடன் பயின்ற தோழர்களே, தோழியரே, உங்களோடு வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இம்மேடையில் இன்னும் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிட மறந்துவிட்டோம்; அந்தப் பிழைக்கு விழாக் குழுவின் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 1982இல் வந்த சத்துணவுத் திட்டம் 1984இல் எங்களைப் போன்ற பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டபோது, நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தோம். அன்று விறகுப் புகையில் கண் எரிய எரிய எங்களுக்குச் சோறு வடித்த அம்மாதான் அதோ கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அம்மா, தயவுசெய்து முன் வரிசைக்கு வாருங்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டார். அதற்குப் பொருளை நாங்கள் உங்கள் கையால்தான் உண்டு அறிந்தோம்.

இரண்டு செய்திகளைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணி வந்தேன். முதலாவது நம் தோழர்கள் இன்று எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பது. இரண்டாவது, நாளை மாலை பந்தலைப் பிரித்த பிறகு நாம் என்ன செய்யப் போகிறோம் என்பது.

இன்று காலை ஒவ்வொருவரும் எழுந்து, இரண்டிரண்டு நிமிடம் தம்மைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்கு முன்பே ஆறு மாதமாக வாட்ஸ்அப் குழுவில் உங்கள் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்து வந்தவன் நான். ஒருவர் மஸ்கட்டில் கட்டடப் பொறியாளர். ஒருவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ஆடு வளர்க்கிறார். திருப்பூரில் பனியன் தைக்கத் தொடங்கியவர் இன்று பதினைந்து எந்திரங்களுக்குச் சொந்தக்காரர். ஒரு தோழி குவைத்தில் தலைமைச் செவிலியர். இத்தனையும் கேட்டு நெஞ்சு நிறைந்தது. ஆனால் நம் தோழியரில் பலர் எழுந்து, “நான் வீட்டில்தான் இருக்கிறேன்” என்ற ஒரே வரியோடு அமர்ந்துவிட்டார்கள். கணவர் வெளியூர் போன பிறகு நான்கு ஏக்கர் கரிசலில் பருத்தியும் கம்பும் போட்டு, மழை பொய்த்த ஆண்டுகளிலும் கடனை அடைத்து, இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கிய ஒருவரும் அந்த ஒரு வரியோடுதான் அமர்ந்தார். நாளை அவர்களுக்கு மறுபடியும் இரண்டிரண்டு நிமிடம் தர வேண்டும் என்று விழாக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, சொல்லாமல் விட்டால் எனக்கு உறக்கம் வராத செய்திக்கு வருகிறேன்.

இந்தச் சந்திப்புக்கு அழைப்பு அனுப்ப நம்மிடம் இருந்தது பத்தாம் வகுப்புக் குழுப் படம் ஒன்றுதான். படத்தில் இருப்பவர்கள் 41 பேர். ஒவ்வொரு முகமாக அடையாளம் கண்டு, பெயர் எழுதி, எண் தேடினோம். வேலை முடிந்துவிட்டது என்று இருந்தபோது, தலைமை ஆசிரியர் அனுமதி தந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். தடித்த அட்டை, ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. முன்பக்கங்களில் இராமநாதபுரம் மாவட்டம் என்ற முத்திரை இருக்கிறது. 1985இல் மாவட்டம் பிரிந்ததும் அதே பதிவேட்டில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் அன்றைய பெயரான காமராசர் மாவட்டம் என்று முத்திரை மாறுகிறது. அந்தப் பதிவேட்டின்படி 1982 ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் நம்மோடு சேர்ந்தவர்கள் 83 பேர்.

நாற்பத்தொருவர் படத்தில் இருக்கிறோம். மற்றவர்கள் எங்கே? பதிவேட்டின் வலது ஓரத்தில் “நீங்கிய காரணம்” என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் சிவப்பு மையில், ஒரே கையெழுத்தில், வரிசையாக “தொடர்ந்து வராமை” என்று எழுதியிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அதே இரண்டு சொற்கள். விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். என் மூன்றாம் பெஞ்சுத் தோழனின் பெயரில் விரல் நின்றுவிட்டது.

அவனைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; அவை பொறுத்தருள வேண்டும்.

அவன் வீட்டில் எல்லோரும் தீப்பெட்டி ஒட்டுவார்கள். இந்த வட்டாரத்தில் அன்று பெட்டி ஒட்டாத வீடு எது? மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை அவன் விரல் இடுக்குகளில் எப்போதும் காய்ந்திருக்கும். அவனுடைய நோட்டுப் புத்தகத்தின் மூலைகள் நீலம் பாரித்திருக்கும். விடியும் முன் எழுந்து ஒட்டுவான், பள்ளிக்கு வருவான், மாலையில் போய் மறுபடியும் ஒட்டுவான். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் நான் பல நாள் மதியத்துக்கு ஒன்றும் கொண்டு வந்ததில்லை. அவன் தூக்குவாளியில் கம்பங்கூழ் கொண்டு வருவான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கல் உப்பு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, சின்ன வெங்காயம் ஒன்றைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, கூழில் சரிபாதியை மூடியில் ஊற்றித் தருவான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த உப்புக் கல்தான் உள்ளங்கையில் உறுத்துகிறது.

எட்டாம் வகுப்பில் ஒரு நாள், இதோ இங்கே அமர்ந்திருக்கும் எங்கள் கணக்கு ஆசிரியர், நூற்று நாற்பத்து நான்கை ஏழால் பெருக்கினால் என்ன என்று மனக்கணக்காகக் கேட்டார். முதல் பெஞ்சு எழுந்து நின்றது. இரண்டாம் பெஞ்சு எழுந்து நின்றது. பிரம்பு இரண்டு பெஞ்சையும் கடந்து வந்துகொண்டிருந்தது. மூன்றாம் பெஞ்சில் என் முறை. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பக்கத்தில் இருந்தவன் கண்ணைக்கூட மூடவில்லை, “ஆயிரத்து எட்டு சார்” என்றான். ஆசிரியர் நின்றார். எப்படிச் சொன்னாய் என்று கேட்டார். அவன், “ஏழு குரோஸ் சார்” என்றான்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பன்னிரண்டு டஜன் பெட்டி ஒரு குரோஸ் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதை வாய்ப்பாடாகக் கற்றவன் அவன் ஒருவன்தான். ஆசிரியர் சிரிக்கவில்லை. பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு அவனைக் கரும்பலகைக்கு அழைத்தார். மேலே சொல் என்றார். எட்டு குரோஸ் ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு, ஒன்பது குரோஸ் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு, பத்து குரோஸ் ஆயிரத்து நானூற்று நாற்பது என்று அவன் சொல்லிக்கொண்டே போய், பன்னிரண்டு குரோஸில் ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு என்று நிறுத்தினான். ஆசிரியர் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வட்டமிட்டு, “இதுதான் பன்னிரண்டின் கனம், இன்று உங்களுக்குக் கனம் என்றால் என்ன என்று இவன்தான் கற்பித்திருக்கிறான்” என்றார். ஐயா, நீங்கள் மறந்திருப்பீர்களோ என்று நினைத்தேன், தலையசைக்கிறீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் நான் கணக்குக்குப் பயப்படாதவன் ஆனேன். முப்பது ஆண்டுகளாக வங்கியில் பணம் எண்ணிப் பிழைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்து, 1986 தொடக்கத்தில் பள்ளி திறந்த அன்று மூன்றாம் பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். இரண்டு ஆண்டு மழை இல்லை. அவன் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. பெட்டி ஒட்டும் கூலி போதவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு ஊர் எல்லையில் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில், தங்கையையும் அழைத்துக்கொண்டு கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் வேலைக்கு, போய்விட்டான். தங்கை நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவள் பெயருக்கு எதிரேயும் அதே சிவப்பு மை இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தொழிலில் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வைத்து வேலை வாங்கக் கூடாது என்ற அச்சட்டமே, குடும்பத்தாரோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கும் அளித்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல். எல்லாம் வந்தன; என் தோழனுக்குத்தான் காலம் தவறி வந்தன.

மூன்று மாதத்துக்கு முன் அவனைத் தேடிப் போனேன். சாத்தூரில் சேவுக்கடை ஒன்றில் அடுப்படியில் நிற்கிறான். கரண்டியில் மாவைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தான். உடனே பெயர் சொல்லி அழைத்தான். சந்திப்பைப் பற்றிச் சொல்லி, நீ கட்டாயம் வர வேண்டும் என்றேன். அவன் சொன்ன சொல்லை அப்படியே சொல்கிறேன்: “நான்தான் படிச்சு முடிக்கலையேப்பா. பழைய மாணவர்னு என்னைய எந்தக் கணக்குல சேர்ப்பீக?”

எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதற்கு விடை அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. அங்கே அவனுக்கும் ஒரு சேர்க்கை எண் இருக்கிறது, எனக்கும் ஒன்று இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்த எண்கள். பத்தாம் வகுப்பில் தேறியவன்தான் பழைய மாணவன் என்று நம்மில் யாரும் முடிவு செய்யவில்லை; ஆனால் குழுப் படத்தை வைத்து அழைப்பு அனுப்பியபோது அந்த முடிவைத்தான் செய்துவிட்டோம். காமராசர் பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா? விருதுநகரில் அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுப் பெண்கள் நாள்தோறும் எடுத்து வைத்த பிடி அரிசியால் நடந்த பள்ளி. தந்தையை இழந்த அந்தப் பிள்ளை படிப்பைப் பாதியில் நிறுத்தி மாமாவின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். அவரும் இடைநின்ற மாணவர்தான். பள்ளியில் தொடர முடியாமல் போனவர் முதலமைச்சரானதும் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார், பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதற்கு அதைவிடப் பெரிய உரையை நான் படித்ததில்லை.

ஆகவே என் வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். நம் பட்டியல் இன்றிலிருந்து 83 பேர் பட்டியலாக வேண்டும். ஆண்களைக் கண்டுபிடிப்பது எளிது; டீக்கடையில் கேட்டால் தெரிந்துவிடும். பெண்கள் கல்யாணமாகி வேற்றூர் போய்விட்டார்கள். அவர்களைத் தாய்வீட்டுத் தெருவில், தந்தை பெயரைச் சொல்லித்தான் விசாரிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நம் தோழியர் ஏற்றால்தான் ஆகும். அப்படிக் கண்டவர்களில் எவரேனும் இப்போதும் படிப்பை முடிக்க விரும்பினால், எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் வழி இருக்கிறது. தேர்வுக் கட்டணமும் பாடப் புத்தகமும் நம் பொறுப்பு. ஐம்பது வயதுக்கு மேல் எதற்கு என்று ஒரு நண்பர் காலையில் கேட்டார். கேட்க வேண்டியவர் அவர் அல்லர். எழுத விரும்புகிறவர் விரும்பட்டும், நாம் கட்டணம் கட்டுவோம்.

இன்று படிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. விடியற்காலை பஸ் இப்போது வருவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஓர் அடையாள எண், இருக்கிறது. யார் எத்தனை நாளாக வரவில்லை என்று தலைமை ஆசிரியருக்குக் கணினியே காட்டிவிடுகிறது. ஆனால் கணினி அந்த வீட்டுப் படியேறிப் போய் ஏன் வரவில்லை என்று கேட்காது. ஆசிரியர்களுக்கு ஆயிரம் வேலை. நம்மில் உள்ளூரில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர். ஒரு பிள்ளை தொடர்ந்து ஐந்து நாள் வராவிட்டால், மேலாண்மைக் குழுத் தலைவி அம்மாவோடு நம்மில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அரிசி இல்லை என்றால் அரிசியோடு போக வேண்டும். இதற்கு அம்மா அவர்கள் இசைவு தந்துவிட்டார்கள் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்.

நாளை பிற்பகல் விருந்தினர்களுக்குப் போர்த்துவதற்காக வாங்கிய பொன்னாடைகளைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியும் என்று பொருளாளர் சொல்கிறார். மேடையில் இருக்கும் பெருமக்கள் தவறாக எண்ண மாட்டார்கள் என்ற துணிவில் கேட்கிறேன்: அந்தத் தொகையை இந்தப் பணிக்கு முதல் வரவாக எழுதிக்கொள்ளலாமா? மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள் கைதட்டுகிறார். அவருக்கு என் நன்றி.

பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதிய 42 பெயர்கள், தந்தை பெயர், தெருவின் பெயரோடு, வேப்பமரத்தடி மேசையில் இருக்கின்றன. நாளை ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு வேன்கள் பள்ளி வாசலில் நிற்கும். ஒன்று மேற்கே உள்ள ஊர்களுக்கும், ஒன்று சாத்தூருக்கும் போகும். மதிய உணவுக்கு முன் அழைத்து வந்துவிட வேண்டும். சமையல்காரரிடம் கூடுதலாக உலை வைக்கச் சொல்லியாயிற்று. சாத்தூர் வேனில் நான் போகிறேன். நாளை பதினொரு மணிக்கு மேல் என் தோழனுக்கு விடுப்புத் தருவதாகக் கடை முதலாளி சொல்லியிருக்கிறார். கணக்கு ஆசிரியர் ஐயா அவர்களும் உடன் வர இசைந்தால், முன் இருக்கையை அவருக்காக வைத்திருக்கிறேன்.

வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கு நன்றி. வணக்கம்.