பீஃப் ஸ்டியூவும் டம்ப்ளிங்கும்: ஒரே சட்டியில் இரண்டு சமையல்

[காட்சி: அடுப்பின் மேல் கனமான வார்ப்பிரும்புச் சட்டி. மூடியைத் திறக்கிறோம். பழுப்பு நிறக் குழம்பின் மேல் உப்பிய மாவு உருண்டைகள்.]

வணக்கம். இன்றைக்குச் செய்யப்போவது இங்கிலாந்தின் குளிர்கால வீட்டுச் சாப்பாடு. மாட்டிறைச்சி ஸ்டியூ, அதாவது மெதுவாக வேகவைத்த கறிக் குழம்பு, அதன் மேலேயே வேகும் டம்ப்ளிங் என்ற மாவு உருண்டை.

செய்முறை கடினமில்லை. ஆனாலும் பல வீடுகளில் ஒன்று சரியாக வந்தால் இன்னொன்று கெட்டுப்போகிறது. கறி மெல்ல முடியாமல் இருக்கும், இல்லையென்றால் உருண்டை அடையாகிவிடும். கறிக்குத் தேவை குறைந்த சூடும் நிறைய நேரமும். டம்ப்ளிங்குக்குத் தேவை நல்ல ஆவியும் கொஞ்ச நேரமும். இரண்டுக்கும் சட்டி ஒன்றுதான். அதனால் எதை எப்போது செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

[காட்சி: கறித் துண்டுகள் நெருக்கத்தில். சதைக்குள் ஓடும் வெள்ளை நார்கள் தெரிகின்றன.]

முதலில் கறி. நான்கு பேருக்கு ஒரு கிலோ எடுத்துக்கொள்ளலாம். விலை கூடிய மென்மையான கறி இதற்கு வேண்டாம், நீண்ட நேரம் வெந்தால் அது வறண்டுவிடும். கெண்டைக்கால் சதை அல்லது தோள்பட்டைக் கறி வாங்குங்கள். இங்கிலாந்துக் கடைகளில் ஷின், சக் என்று கேட்டால் கொடுப்பார்கள். மாடு நடந்து நடந்து உழைத்த சதை இது. உள்ளே கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய இருக்கும். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் மணிக்கணக்கில் வைத்திருந்தால் அந்தக் கொலாஜன் ஜெலட்டினாக மாறும். கடினமாக இருந்த நார்தான் கறியை மிருதுவாக்குகிறது, குழம்பையும் உதட்டில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியாக்குகிறது. இதில் அவசரப்பட வழியே இல்லை. தளதளவென்று கொதிக்க விட்டால் சதை நார்கள் சுருங்கிச் சாற்றை வெளியே தள்ளிவிடும்.

துண்டுகளைப் பெரிதாக, நான்கு சென்டிமீட்டர் அளவில் வெட்டுங்கள். சின்னதாக வெட்டினால் கடைசியில் உதிர்ந்துபோகும்.

[காட்சி: சூடான சட்டியில் நான்கைந்து துண்டுகள் மட்டும். ஒரு பக்கம் நன்றாகச் சிவந்ததும் திருப்பிப் போடுகிறோம்.]

கறியை ஒரு துணியால் ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, சூடான எண்ணெயில் வறுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். கொட்டினால் கறி விடும் தண்ணீரிலேயே அது வேகும், சிவக்காது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். இப்படி வறுப்பது சாற்றை உள்ளே பூட்டி வைக்கும் என்று இன்றும் சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பிய கருத்து அது, சரியில்லை என்று பின்னால் தெரிந்துவிட்டது. நாம் வறுப்பது சுவைக்காக மட்டும்தான். அந்தச் சுவைக்காகக் கால் மணி நேரம் அடுப்படியில் நிற்கலாம், தவறில்லை.

கறியை எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் இரண்டு பெரிய வெங்காயம், இரண்டு செலரித் தண்டு, பெரிய துண்டுகளாக மூன்று காரட். வெங்காயம் வதங்கியதும் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தூவிக் கிளறுங்கள். கறியின் மேலேயே மாவைப் புரட்டி வறுப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் மாவு அடியில் கருகிக் கசக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் 300 மில்லி ஸ்டவுட் என்ற கருப்பு பீர் ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். பீர் வேண்டாம் என்றால் அந்த அளவுக்கும் எலும்பு வேகவைத்த சாறு போதும். கறியைத் திரும்பப் போட்டு, இன்னும் 600 மில்லி சாறு, கொஞ்சம் தைம் என்ற மூலிகை, ஒரு பே இலை. நம் கடைகளில் கிடைக்கும் பிரிஞ்சி இலை வேறு மரத்தின் இலை, அதில் பட்டை வாசம் வரும், இதற்குப் பொருந்தாது. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

[காட்சி: ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டிய சிறிய பாட்டில். கரண்டியில் சில சொட்டுகள்.]

கடைசியாக ஒரு மேசைக்கரண்டி உஸ்டர் சாஸ். லீ அண்ட் பெரின்ஸ் நிறுவனம் 1837 முதல் இங்கிலாந்தின் உஸ்டர் நகரத்திலிருந்து விற்றுவரும் சாஸ் இது. அதில் நெத்திலி வகை மீனும் நாம் குழம்புக்குக் கரைக்கும் அதே புளியும் இருக்கின்றன! குழம்பின் கொழுப்புச் சுவையை அந்தப் புளிப்பு அழகாக வெட்டிக்கொடுக்கும்.

மூடி போட்டு, 150 டிகிரி ஓவனில் இரண்டரை மணி நேரம். ஓவன் இல்லையென்றால் அடுப்பை மிகக் குறைத்து, எப்போதாவது ஒரு குமிழி வருமாறு வையுங்கள். பிரஷர் குக்கரில் வைக்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். வைக்கலாம். முப்பத்தைந்து நிமிடத்தில் கறி வெந்துவிடும். குழம்பு மட்டும் தண்ணீராக இருக்கும், மூடியில்லாமல் சுண்ட வைக்க வேண்டும். டம்ப்ளிங்கை மட்டும் பிரஷரில் வைக்காதீர்கள்.

[காட்சி: கறித் துண்டில் கரண்டியை வைத்து அழுத்த, தானாகப் பிரிகிறது.]

கரண்டியால் அழுத்தினால் கறி பிரியும் பதம் வந்ததா? வந்த பிறகுதான் மாவில் கை வைக்க வேண்டும். முன்கூட்டியே பிசைந்து வைக்கக் கூடாது.

டம்ப்ளிங்குக்கு 150 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு, அதில் பாதி எடைக்கு, அதாவது 75 கிராம் சூயட். உப்பவைக்கும் பொருள் சேர்த்தே விற்கும் இந்த மாவுக்கு பிரிஸ்டல் நகரத்தின் ஹென்றி ஜோன்ஸ் 1845இல் காப்புரிமை வாங்கினார். அது கிடைக்காத ஊரில் மைதாவுடன் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்துகொள்ளுங்கள்.

சூயட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு. முன்பெல்லாம் கசாப்புக் கடையில் கட்டியாக வாங்கி வீட்டில் துருவ வேண்டும். 1893இல் மான்செஸ்டரில் தொடங்கிய அட்டோரா நிறுவனம் அதைத் துருவியே விற்க ஆரம்பித்தது. பிரிட்டனில் இன்றும் பலர் வாங்குவது அந்தப் பொட்டலத்தைத்தான். கட்டியாகத்தான் கிடைக்கிறது என்றால், சவ்வை உரித்து, ஃப்ரீசரில் வைத்து, மாவு தூவித் துருவுங்கள்.

[வரைபடம்: உருண்டையின் குறுக்குவெட்டு. கொழுப்புத் துணுக்குகள் உருக, அந்த இடங்கள் பொந்துகளாகின்றன.]

ஏன் இந்தக் கொழுப்பு? வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சூயட்டுக்கு 45க்கு மேல் வேண்டும். அது மெதுவாக உருகுவதற்குள் சுற்றியிருக்கும் மாவு வெந்து உருவம் பிடிக்க ஆரம்பிக்கிறது. உருகிய பின் அந்த இடம் பொந்தாகிறது. பேக்கிங் பவுடரின் வாயுவும் ஆவியும் அந்தப் பொந்தை விரிக்கின்றன. உருண்டை பஞ்சாக வருவது இதனால்தான். ஃப்ரீசரில் உறைந்த வெண்ணெயைத் துருவிப் போட்டாலும் சாப்பிடலாம், ஆனால் இந்த லேசு வராது. கொழுப்பே சேர்க்காமல் ரொட்டி மாவை உருட்டிப் போடும் வழக்கம் நார்ஃபோக் பகுதியில் உண்டு. அது தனி ருசி.

மாவு, சூயட், அரை டீஸ்பூன் உப்பு, நறுக்கிய பார்ஸ்லி. குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். 90 மில்லி அளவு பிடிக்கும். கத்தியால் கிளறி, மாவு சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் பசைத்தன்மை ஏறி உருண்டை இறுகிவிடும். கையில் லேசாக ஒட்டும் பதம்தான் சரி. எட்டாகப் பிரித்து, அழுத்தாமல் உருட்டுங்கள். தண்ணீர் பட்ட நொடியே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும், உருண்டைகளைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

இப்போது சட்டியை அடுப்புக்கு மாற்றி, குழம்பை நன்றாகக் குமிழி விட வையுங்கள். உருண்டைகள் கொஞ்சம் குழம்பை உறிஞ்சும், அதனால் கெட்டியாக இருந்தால் ஒரு டம்ளர் வெந்நீர். இடைவெளி விட்டு மேலே வையுங்கள், அமுக்க வேண்டாம். கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், சட்டியில் இடம் இருக்கட்டும். மூடுங்கள். 20 நிமிடம் திறக்கவே கூடாது. மேல்பாதி வேகுவது ஆவியில்தான், திறந்தால் அது போய்விடும்.

[காட்சி: ஒரு உருண்டையைப் பிய்த்துக் காட்டுகிறோம். உள்ளே ஈர மாவு இல்லை.]

ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். நடுவில் மாவு ஈரமாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். மேல்தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் மூடியில்லாமல் 190 டிகிரி ஓவனில் பத்து நிமிடம்.

ஆளுக்கு இரண்டு உருண்டை, நிறைய குழம்பு, பக்கத்தில் வேகவைத்த முட்டைக்கோஸ். குழம்பு மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் இன்னும் ருசிக்கும். மிஞ்சிய உருண்டை அதில் ஊறினால் குழைந்துவிடும், தனியாக எடுத்து வையுங்கள். மறுநாளைக்குப் புதிதாக நான்கு உருட்டிப் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. மாவு கலக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.