ஐந்து வயதில் ஒல்லியாக இருந்தால் என்ன?

(சேலம் அம்மாபேட்டையில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு குழந்தை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, தகப்பன்மார்களே, முக்கியமாகப் பாட்டிமார்களே, வணக்கம். "கைக்குழந்தையா இருந்தப்ப கொழுகொழுன்னு இருந்தான், இப்ப விலா எலும்பை எண்ணலாம் டாக்டர், ஒரு டானிக் எழுதுங்க" என்று என்னிடம் வருபவர்களில் பாட்டிமார்கள்தான் அதிகம். அந்தப் பையனுக்குப் பெரும்பாலும் நான்கைந்து வயதிருக்கும். அந்த வயதில் ஒல்லியாவது இயற்கைதான்.

பிறக்கும்போது குழந்தையின் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கொழுப்பு. ஆறு மாதத்தில் அது கால் பங்கு வரை போகும். அப்புறம் தவழ்கிறது, நடக்கிறது, ஓடுகிறது. கொழுப்பின் பங்கு இறங்குகிறது. உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ, ஐந்தாறு வயதில்தான் ஆகக் குறைவாக இருக்கும். பிறகு மறுபடி ஏறும். இந்த இரண்டாம் ஏற்றத்தை 1984இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் ரோலண்ட் கஷேரா எடுத்துக்காட்டினார். ஏற்றம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிட்ட குழந்தைகள் பிற்காலத்தில் குண்டாகும் வாய்ப்பு அதிகம்.

டெல்லியில் பிறந்ததிலிருந்தே எடை, உயரம் குறிக்கப்பட்டுவந்த 1,492 பேரை, அவர்களுடைய 26 முதல் 32 வயதுக்குள் பரிசோதித்தார்கள். முடிவு 2004இல் வெளிவந்தது. சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள். அப்புறம் அந்த ஏற்றம் சீக்கிரமே தொடங்கி, வேகமாக ஏறியவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடப் பருமன் கிடையாது! பார்த்த கண்ணுக்கு நல்ல பிள்ளைகள். அதனால்தான் சொல்கிறேன், மெலிந்த பிள்ளைக்கு ஊட்டி ஊட்டி எடை ஏற்றுவதை ஒரு சாதனையாக நினைக்காதீர்கள். ஆனால் மாதக்கணக்கில் எடையும் உயரமும் நகரவே இல்லை, அடிக்கடி காய்ச்சல், சோர்வு என்றால் உடனே கூட்டி வாருங்கள். அது வேறு கதை.

பருவ வயதில் பெண்ணுக்கும் பையனுக்கும் வழி பிரிகிறது. பையனுக்குத் தசை கூடுவதால் கொழுப்பின் பங்கு குறையும். பெண்ணுக்கு இடுப்பிலும் தொடையிலும் சேரும். 18 வயதில் ஆரோக்கியமான பெண்ணின் உடம்பில் கால் பங்கு வரை கொழுப்பு இருக்கலாம். அதைப் பார்த்து "குண்டாயிட்டே" என்று வீட்டில் கேலி செய்ய, அவள் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறாள். தயவுசெய்து அந்தக் கேலியை விடுங்கள்.

பையன்கள் விஷயம் பன்னிரண்டாவது முடிந்ததும் ஆரம்பிக்கிறது. விளையாட்டு நின்றுபோகும், பைக் வரும், ராத்திரி பரோட்டா வரும். நம் ஊர் தட்டுவடை செட்டை நான் குறை சொல்லமாட்டேன், நானே சாப்பிடுகிறேன். ஆனால் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை இருபது வயதுக்குள் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது என்று 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்னால் இளைத்தாலும் செல்கள் சுருங்குமே தவிர, எண்ணிக்கை குறைவதில்லை.

இன்னொன்று, கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே என்பது நம்மவர்களிடம் நிறைய. அதனால் நமக்குப் பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் பருமன். தராசு இல்லாவிட்டால் தையல்காரரின் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபிறகு அளந்து பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80க்குள் இருக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பவர்கள் என்னிடம் வர வேண்டாம்.