கடன் கொப்பியில் கீரை இல்லை

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தாய்மாரே, ஐயாமாரே, பின்னால் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம்.

போன மாரியில் அயலில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் மேசனோடு கூலிக்குப் போகிறவர். மழையால் பதினொரு நாளாக வேலை இல்லை. அந்தத் தங்கச்சி பலசரக்குக் கடைக் கொப்பியை எடுத்துக் காட்டினார். கோதுமை மா 2 கிலோ, சீனி 1 கிலோ, பாண், தேயிலை, பிஸ்கட், சோயாமீற். பக்கத்துக்குப் பக்கம் அதேதான். ஒரு பிடி கீரையோ நாலு சூடை மீனோ எங்கும் இல்லை.

“ஏன் பிள்ளை, ஒரு கீரை வறை செய்தால் என்ன?” என்று கேட்டேன். “திருநெல்வேலிச் சந்தையில ஆர் எனக்குக் கொப்பியில எழுதித் தருவினம், ஐயா?” என்றார்.

மாவும் சீனியும் கிடந்தாலும் பழுதாகாது. கடைக்காரர் துணிந்து கடன் கொடுக்கிறார். கீரை பின்னேரம் வாடிவிடும், மீன் மத்தியானத்தோடு சரி. சந்தையில் கைக்காசுதான். அதனால் உழைப்பு நின்ற கிழமையில் கடனுக்குக் கிடைக்கிற சாப்பாடு மட்டுமே வீட்டுக்குள் வருகிறது. மாத முடிவில் எவ்வளவு வந்தது என்பதோடு, எந்த நாளில் வந்தது என்பதும் சாப்பாட்டுக் கோப்பையில் தெரியும்.

அந்தத் தாய்க்கு அறிவு போதாது என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். கிளினிக்கில் சொன்னதை எல்லாம் வரிசையாக என்னிடம் ஒப்புவித்தார். ஆனால் பிள்ளை ஒரு புதுக் கறியை முதல் தரம் துப்பும். பல தரம் கொடுத்தால்தான் பழகும். வசதியான வீட்டில் அதைக் கொட்டிவிட்டு ஒரு முட்டை பொரிக்கலாம். இந்த வீட்டில் கொட்டினால் பிள்ளை பட்டினி. பிள்ளை கட்டாயம் சாப்பிடும் என்று தெரிந்ததையே அந்தத் தாய் கொடுக்கிறார்: பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும்.

ஏர்ன்ஸ்ற் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளிவிவர அறிஞர் 1857இல் ஒன்றைக் காட்டினார். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்பது அது. அப்படியான வீட்டில் விலை ஏறினால் குறைக்க வேறு செலவு இல்லை, சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முந்தின வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்குச் சராசரியாக 195 ரூபாய். முதலில் மீன் போனது, பிறகு பால்மா, அப்புறம் மரக்கறி. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு 1.6 கிலோ. கூலி வீட்டில் இந்தக் கணக்கை யார் போடுவது?

வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகளில் கொத்துரொட்டியும் சோடாவும் தாராளமாகப் போகின்றன, நீரிழிவும் வருகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அங்கே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

முந்தி எங்கள் வேலிகள் கதியால் வேலிகள், நட்ட தடியே துளிர்த்து மரமாகும். கிளுவை, பூவரசு, இடையிடையே முருங்கை. வேலிக்கு மேலால் கேட்டால் ஒரு கொப்பு முறித்துத் தருவார்கள், காசு பேச்சே இல்லை. இப்போது மதில். வாடகைக்கு இருக்கிற சனத்துக்கு ஒரு மரம் வைக்கவும் இடம் கிடையாது. குரக்கன் மாவும் ஒடியல் மாவும் பைக்கற்றில் வருகின்றன, விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறார்கள்.

நான் கேட்பது இரண்டு. கடை வைத்திருக்கிறவர்கள் வாசலில் ஒரு கூடை கீரையும் வாழைப்பழமும் வைத்து, அதையும் கொப்பியில் எழுதுங்கள். வராத கடனில் ஒரு பங்கை நிலையம் பொறுக்கட்டும். நிர்வாகசபை இன்றைக்கே பேசலாம். மற்றது, இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் கிணற்றோடு காணி சும்மா கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முதல் முருங்கையும் அகத்தியும் நடுவோம், யார் வந்தாலும் கேள்வி இல்லாமல் பிடுங்கட்டும். முருங்கைக் கதியால் தர இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். மழை வரும்வரை தண்ணீர் ஊற்ற ஆட்கள் வேண்டும். போகும்போது வாசல் மேசையில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.