ஒரே செடிக்கு இரண்டு பெயர், 250 ரூபாய் வித்தியாசம்!

வணக்கம் மக்களே. மல்லிகைப் பதியன் வீடியோ அடுத்த வாரம். இன்றைக்கு வேறு ஒரு கடுப்பு.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு நர்சரி. பெயர் சொல்ல மாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள். இரண்டு ஆர்கிட் தொங்குகிறது. ஒன்றில் 'வாண்டா டெஸ்ஸெல்லாட்டா', 600 ரூபாய். பக்கத்தில் 'வாண்டா ராக்ஸ்பர்கி', 850 ரூபாய். "அது அபூர்வ வகைண்ணா" என்கிறார் கடைத் தம்பி. அபூர்வமாவது! இரண்டும் ஒரே செடி. அதே வார் இலை, அதே கட்டம் போட்ட பழுப்பு இதழ்.

விஷயம் இதுதான். தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-இல் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தன் நூலில் இதற்கு 'எபிடென்ட்ரம் டெஸ்ஸெல்லாட்டம்' என்று பெயர் வைத்தார். 1820-இல் ராபர்ட் பிரவுன் என்ற இன்னொரு தாவரவியலாளர் இதை வாண்டா என்ற பேரினத்துக்கு (பெயரின் முதல் சொல்) மாற்றினார். மாற்றியவர் சும்மா இருக்காமல் 'ராக்ஸ்பர்கி' என்று புதிதாக வேறு ஒட்டிவிட்டார். ஆனால் பேரினம் மாறினாலும் முதலில் வைத்த சிற்றினப் பெயர் (இரண்டாவது சொல்) கூடவே வரவேண்டும், அதுதான் விதி. அதனால் 1830-இல் 'வாண்டா டெஸ்ஸெல்லாட்டா' ஆகி, இன்றுவரை அதுதான் செல்லும். முழு அறிவியல் பெயரை எழுதினால், முதலில் பெயர் வைத்தவர் என்று அடைப்புக்குறிக்குள் ராக்ஸ்பர்க் எப்படியும் வந்துவிடுவார். அவருக்கு அந்த மரியாதை போதாதா?

இதையெல்லாம் போனில் காட்டி, முதலாளி வரும்வரை நின்று, 850 ரூபாய்ச் செடியை 600-க்கே வாங்கினேன்! அந்த 250-ஐ விடவே முடியாது மக்களே, மற்ற ஆர்கிட் தொட்டிகளுக்கு மரக்கரி வாங்க ஆகுமே.

ஆங், சொல்ல விட்டுப்போச்சு. அதையே ஏன் பிடித்தேன் என்றால், அதில்தான் பூங்கொத்து இருந்தது. என்ன வாசம்! மேடை அலங்காரத்துக்கு அடுக்குகிறார்களே ஆர்கிட், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. மூக்கை வைத்தால் ஒன்றுமே இருக்காது.

வீட்டுக்கு வந்தால் அம்மா, "புல்லுருவியைக் காசு குடுத்தா வாங்கிட்டு வந்தே?" என்கிறார். புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டு உறிஞ்சும். இது மரத்தின் மேல் உட்கார மட்டும்தான் செய்யும். தடித்த வேரின் பஞ்சு உறை மழைநீரைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை.

இப்போது எங்கள் பெங்களூரா மாமரத்தில் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருக்கிறேன். வேர் பட்டையைப் பிடித்ததும் கயிற்றை அறுத்துவிடலாம். தயவுசெய்து யாரும் இதை மண்ணில் நட்டுவிடாதீர்கள், அழுகிவிடும்.