மீனைக் கிண்டாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். ஆள்பவர் எதிலும் அளவுக்கு மேல் தலையிடக் கூடாது என்ற பழைய சீன ஞானி லாவோசியின் தாவோ வழி இன்றைய ஆட்சிக்கு உதவுமா, உதவாதா? உதவவே உதவாது, அது சோம்பேறி ராஜாவுக்கு எழுதிக் கொடுத்த லீவு லெட்டர் என்று எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார், கைதட்டலும் வாங்கினார். லாவோசியைப் புரட்டிப் பார்த்திருந்தால் அந்த லெட்டரை எழுதியிருக்க மாட்டார்.

பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீனைச் சமைப்பது மாதிரி என்கிறது அவர் பெயரில் உள்ள தாவோ தே ஜிங் நூலின் 60ஆம் அத்தியாயம். நெத்திலிக் குழம்பு வைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், கிண்டிக்கொண்டே இருந்தால் முள்தான் மிஞ்சும். அடுப்பை விட்டு ஓடிப்போ என்றா சொன்னார்? பக்கத்திலேயே நில், கரண்டியைக் கீழே வை என்கிறார்.

சீனாவில் இதைச் செய்யாமலும் பார்த்தார்கள், செய்தும் பார்த்தார்கள். கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் வம்சம் எதற்கெடுத்தாலும் சட்டம், எதற்கெடுத்தாலும் தண்டனை என்று ஆண்டது. மழையில் மாட்டிக் குறித்த நாளில் போய்ச் சேர முடியாத காவல்பணி ஆட்கள், தாமதமானாலும் சாவு, கலகம் செய்தாலும் சாவு, அப்புறம் என்ன என்று கி.மு. 209இல் கிளம்பினார்கள், சில வருடங்களிலேயே வம்சம் காலி. அடுத்த ஹான் வம்சத்தில் சாவ் ஷென் என்று ஒரு முதலமைச்சர். முன்னவர் சியாவ் ஹே போட்ட சட்டத்தில் கை வைக்காமல் குடித்துக்கொண்டு இருந்தார், யாராவது யோசனையோடு வந்தால் அவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார். (குடியை நான் சிபாரிசு செய்யவில்லை, நடுவர் அவர்களே.) இளம் பேரரசர் கடுப்பாகிக் கேட்டதற்கு, நீங்கள் உங்கள் அப்பாவைவிடக் கெட்டிக்காரரா, நான் சியாவ் ஹேயைவிடக் கெட்டிக்காரனா என்று திருப்பிக் கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றுதான் பதில். அப்படியானால் அவர்கள் போட்டதை ஒழுங்காகக் காப்பாற்றுவோமே என்றார். பின்னால் வந்த வென் பேரரசர், பத்து நடுத்தரக் குடும்பங்களின் சொத்து செலவாகும் என்று தெரிந்ததும் தனக்குக் கட்டவிருந்த மேடையையே வேண்டாம் என்றார், நிலவரியைப் பாதியாகக் குறைத்தார். கஜானா பக்கத்திலேயே இருக்கும்போது கையை மடக்குவது சோம்பலா?

அது அந்தக் காலம் என்பீர்கள். சரி, 1958க்கு, மாவோ ஆண்ட சீனாவுக்கு வருவோம். இத்தனை ஆழம் உழு, இத்தனை நெருக்கமாக நடு, குருவியைக் கொல்லு, சட்டி பானையை உருக்கி எஃகு செய் என்று நாற்று நடவே தெரியாதவர்கள் உத்தரவு போட்டார்கள். குருவி போனதும் பூச்சி பெருகியது. விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்கெழுதிக் கொள்முதலும் செய்தார்கள், பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் செத்தார்கள். மேலே இருப்பவர்கள் வரியை அதிகம் தின்பதால்தான் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று லாவோசி 75ஆம் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டார்.

ஆற்றில் சாயக்கழிவு விடுகிற முதலாளியிடமும் அரசு கையைக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டீர்கள். கூடாது. லாவோசி கையைக் கட்டச் சொன்னது ஆள்பவரின் பேராசையை, முதலாளிக்கு அவர் ஜாமீன் கொடுக்கவில்லை. அமெரிக்க அதிபர் ரீகன் 1988இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் இதே மீன் வாசகத்தைச் சொன்னார், ஆனால் ராணுவச் செலவில் மட்டும் கரண்டி நிற்கவே இல்லை. வாசகத்தை மேற்கோள் காட்டுவது சுலபம்.

செய்து காட்டியவர் வேறு ஒருவர். 1978 கடைசியில் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ராத்திரியில் கூடி, கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வதாக ஒரு தாளில் கைரேகை வைத்தார்கள். யாராவது ஜெயிலுக்குப் போனால் அவர் பிள்ளைகளை மற்றவர்கள் 18 வயது வரை வளர்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அடுத்த அறுவடை எகிறியது. விஷயம் மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி காதுக்குப் போனது. ஒரு கையெழுத்தில் அத்தனை பேரையும் உள்ளே தள்ளியிருக்கலாம், அவர் நடக்கட்டும் என்று விட்டார், சில ஆண்டுகளில் அதுவே நாடு முழுக்கக் கொள்கையானது. எதிரணித் தலைவர் ஐயா, அந்த நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் அந்தத் தாளை என்ன செய்திருப்பீர்கள்?