தும்பைக் கையில் பிடித்திருக்கும்போதே

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வார்டு ரவுண்ட்ஸைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு வந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, மேடையில் நாற்காலி போட்டும் ஏறாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, தொண்டர்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர் என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். நன்றாகப் பேசினார் என்பதால் மன்னித்துவிடலாம்.

முதலில் ஒன்று. இன்றைய பேச்சு தற்கொலை முயற்சியைப் பற்றியது. சிலருக்குச் சொந்த வலியைக் கிளறலாம். அப்படி இருந்தால் தனியாக எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்து அறையில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டுப் போங்கள்.

மூன்று விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது: கணக்கு, காரணங்கள், மதுவின் பங்கு.

கணக்கை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள். முயன்று பிழைத்தவர்கள் இதைவிடப் பல மடங்கு. எத்தனை மடங்கு என்றுதான் யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. மருத்துவமனைக்கே வராதவர்கள் ஒரு பக்கம். வந்தாலும் பதிவேட்டில் ‘தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டார்’ என்று எழுதச் சொல்லும் குடும்பம் இன்னொரு பக்கம். வழக்கு வருமோ, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். பல நாடுகளில் முயற்சிகளில் பெண்கள் அதிகம், இறப்பில் ஆண்கள் அதிகம். அதனால் இறந்தவர்களை மட்டும் எண்ணினால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

காரணங்கள் என்று வந்தால், ‘பரீட்சையில் தோற்றான், அதனால்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். உண்மையில் மனச்சோர்வு, கடன், தீராத உடல்வலி, வீட்டு வன்முறை, தனிமை எனப் பலவும் ஒருவர்மேலேயே வந்து விழுகின்றன. ஆனால் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் பெரிய அபாயக் காரணி, ஏற்கெனவே ஒருமுறை முயன்றிருப்பது. அதிலும் வீட்டுக்கு அனுப்பிய முதல் சில வாரங்களும் மாதங்களும்தான் மிக ஆபத்தானவை. ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது: முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. அதனால்தான் உதவிக்கு அர்த்தம் இருக்கிறது.

இங்கேதான் என் பழைய பல்லவி. தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா? முயன்று பிழைத்தவர் நம் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்போது தும்பு நம் கையில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள்: காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரை இருக்கிறது, ரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டிய தேதி இருக்கிறது. அவரை யார், என்றைக்குக் கூப்பிட்டு ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள் என்பது மட்டும் இல்லை.

ஒரு கதை சொல்கிறேன். நேரம் ஆகும், பரவாயில்லை. ஜெரோம் மோட்டோ என்று ஓர் அமெரிக்க மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தபோது அறிமுகமான ஒரு பெண்ணிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வருமாம். பெரிதாக ஒன்றும் இருக்காது, அன்றாடச் செய்திதான். ஆனால் எங்கோ ஒருவர் தன்னை நினைக்கிறார் என்பது அவர் மனதில் தங்கிவிட்டது. பிற்பாடு சான் பிரான்சிஸ்கோவில், மருத்துவமனையிலிருந்து வெளியேறி, தொடர் சிகிச்சை வேண்டாம் என்று ஒதுங்கிய 843 பேரை எடுத்துக்கொண்டார். ஒரு பாதிப் பேருக்குக் கடிதம், மறு பாதிக்கு இல்லை. கடிதம் என்றால் ரெண்டு மூணு வரி: நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள். அவ்வளவுதான். மருந்து சாப்பிட்டீர்களா என்ற விசாரணை கிடையாது, கட்டாயம் வரவேண்டும் என்ற மிரட்டல் கிடையாது. 5 ஆண்டுகளில் ஆளுக்கு 24 கடிதம். முதல் 2 ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. பின்னர் அந்த வித்தியாசம் மெல்லத் தேய்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஒரே ஊர்க் கதை என்று தள்ளலாம். 2008-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு, சென்னை, கொழும்பு உட்பட 5 இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடந்தது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. மறு சாராருக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடல், பிறகு 18 மாதத்தில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்பு. அந்தக் காலத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் சாராரில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பலனைக் காட்டவில்லை. ஆனாலும் செலவு ஒரு ஃபோன் கால். இதைவிட மலிவாக என்ன முயன்று பார்க்கப் போகிறோம்? தும்பை விட்டு வாலைப் பிடிப்பதற்கு ஆகும் செலவை ஐசியு பில்லில் பார்க்கலாம்.

கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்து தற்கொலையைப் பெருமளவு குறைத்த இலங்கையைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். மதுவையும் தொடவில்லை. தலைவர் அவர்கள் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். ஆகவே கோரிக்கையை மட்டும் வைக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி சேருங்கள்: கூப்பிடப் போகிறவர் பெயர், கூப்பிடும் தேதி. முதல் அழைப்பு ஒரு வாரத்துக்குள். எடுக்காவிட்டால் மறுநாள் மறுபடியும். மாதிரிப் படிவத்தைத் தலைமை மருத்துவரின் மேஜையில் வைத்திருக்கிறேன்; தேதிக் கட்டத்தின் அளவைச் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா பார்த்துச் சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.