மேங்கோவுக்குள் ஒளிந்திருக்கும் காய்

[காட்சி: சேலம், சின்னக்கடை வீதி. தள்ளுவண்டியில் குவித்து வைத்த மாங்காய்.]

சித்திரை வெயில் ஏறிவிட்டது. வண்டிக்காரர் ஒரு கிளிமூக்கு மாங்காயை எடுக்கிறார். கத்தியை அடிவரை இறக்காமல் நாலைந்து கீறல் போடுகிறார். காய் பூப்போல விரிகிறது. உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நீட்டுகிறார். கிளிமூக்கைப் பெங்களூரா என்றும் சொல்வார்கள். பக்கத்து வண்டியில் மல்கோவா, செந்தூரா, இமாம்பசந்து. கீழே ஒரு கூடையில் ஊறுகாய்க்கான மாவடு.

இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர், மேங்கோ. பிஞ்சானாலும் மேங்கோ, புளித்தாலும் மேங்கோ, பழுத்தாலும் மேங்கோதான். வேறுபடுத்த வேண்டுமென்றால் ‘ரா மேங்கோ’, ‘ரைப் மேங்கோ’ என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். நம் ஊரில் கடைக்குப் போய் “ஒரு கிலோ மா கொடுங்கள்” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அரிசி மாவா, கோதுமை மாவா என்பார்கள். வடுவா, காயா, பழமா என்று சொல்லித்தான் தீர வேண்டும். இந்த வழக்கம்தான் ஆங்கிலச் சொல்லின் பிறப்புக்கும் சாட்சி.

[காட்சி: கரும்பலகை. மா + காய், மா + சாரல், மா + தோப்பு, மா + பழம்.]

புணர்ச்சி விதி என்றாலே பள்ளியில் தூங்கியவர்கள் இந்த ஒரு விதிக்காவது விழித்திருக்கலாம். மா என்ற மரப்பெயரோடு வல்லின எழுத்தில் தொடங்கும் சொல் சேரும்போது, அந்த வல்லினத்துக்கு இனமான மெல்லினம் நடுவில் தோன்றும். ககரம் வந்தால் ங், மாங்காய். சகரம் வந்தால் ஞ், மாஞ்சாரல். தகரம் வந்தால் ந், மாந்தோப்பு. பகரம் வந்தால் ம், மாம்பழம்.

இப்போது மேங்கோ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒலிப்பது எது? ங். அந்த ங் மரத்தின் பெயரில் இல்லை; பழத்தாலும் வந்ததில்லை. காய் என்ற சொல்லின் ககரம் இழுத்து வந்தது அது. பழத்தின் பெயரை வாங்கிப் போயிருந்தால் இன்று உலகம் மேம்பல் என்றோ மாம்பலோ என்றோ சொல்லிக்கொண்டிருக்கும். ஆங்கிலேயர் ‘ரைப் மேங்கோ’ என்னும்போது, சொல்லின் வேரைப் பார்த்தால், ‘பழுத்த மாங்காய்’ என்றுதான் சொல்கிறார்கள்.

[காட்சி: மேற்குக் கடற்கரையின் பழைய வரைபடம். கோழிக்கோடு, பிறகு லிஸ்பன்.]

சொல் கப்பலேறிய கதைக்கு வருவோம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். 1510இல் அச்சான இத்தாலியப் பயணி வர்த்தேமாவின் நூலில், கோழிக்கோட்டைப் பற்றிய பகுதியில், ‘மங்கா’ என்ற சொல் வந்துவிட்டது. போர்த்துக்கீசியரும் ‘மங்கா’ என்றே வழங்கினார்கள். அதே நூற்றாண்டின் இறுதிக்குள் அது ஆங்கிலத்தில் நுழைந்தது. கடைசி எழுத்து ஓகாரமாக மாறியது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் மரத்துக்கு வைத்த அறிவியல் பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா. ‘மேங்கோவைத் தாங்குவது’ என்று பொருள். அதற்குள்ளும் நம் மாங்காய் இருக்கிறது.

இது தமிழா, மலையாளமா என்ற சண்டை வரும். சில அகராதிகள் மலையாள ‘மாங்ங’ என்கின்றன. சில, மலாய் மொழி வழியாகப் போன தமிழ் ‘மாங்காய்’ என்கின்றன. கப்பல் நின்ற துறையைப் பார்த்தால் மலையாளத்தின் பக்கமே என் கை சாய்கிறது. ஆனால் மாங்ங என்பதும் மா, காய் இரண்டும் சேர்ந்ததுதான். பங்காளிகளுக்குள் வழக்கு எதற்கு?

[காட்சி: பீங்கான் ஜாடி, உப்பு நீரில் மாங்காய்.]

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் போகும் பாய்மரக் கப்பலில் பழம் தாங்காது. அதனால் இங்கிலாந்தில் அன்று பலர் கண்ட மேங்கோ, உப்பிலும் காடியிலும் ஊறிய காய். விளைவு, அங்கே மேங்கோ என்றாலே ஊறுகாய் என்றாகிவிட்டது. முலாம்பழம், வெள்ளரி, பீச் என்று கிடைத்ததையெல்லாம் குடைந்து மசாலா அடைத்துக் காடியில் போட்டு அதற்கும் மேங்கோ என்று பெயரிட்டார்கள். ஊறுகாய் போடுவதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவும் அது வழங்கியது. கடல் தாண்டிய வழக்கம் அமெரிக்காவிலும் ஒட்டிக்கொண்டது. ஒஹையோ, இண்டியானா பக்கம் பழைய தலைமுறையினர் பச்சைக் குடைமிளகாயையே மேங்கோ என்பார்கள்.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, காபித் தோட்டம்.]

இன்னொரு வழக்கு நம் மலைப்பக்கமும் உண்டு. பருவமழைக்கு முன் கோடையில் பெய்யும் மழைக்கு ஆங்கிலத்தில் ‘மேங்கோ ஷவர்’ என்று பெயர். மாஞ்சாரல் என்று நம் பாடநூல்கள் சொல்வது இதைத்தான். மாங்காய் முதிர உதவுவதால் அந்தப் பெயர். அதே மழை சேர்வராயன் மலையில் விழுந்தால் காபிச் செடி பூக்கும். தோட்டக்காரர்கள் அதைப் ‘பிளாசம் ஷவர்’ என்பார்கள். கீழே மாவுக்கும் மேலே காபிக்கும் ஆளுக்கொரு பெயர், வானம் ஒன்றுதான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பன்மையை எழுதும்போது இறுதியில் ஈ, எஸ் சேர்த்தாலும், வெறும் எஸ் சேர்த்தாலும் சரியே. மங்குஸ்தான் பழத்தின் ஆங்கிலப் பெயரும் சதுப்புநிலக் காட்டைக் குறிக்கும் மேங்குரோவும் மேங்கோவுக்கு ஒலியில் மட்டும்தான் உறவு. முன்னது மலாய்ச் சொல். பின்னதற்கும் மாமரத்துக்கும் சம்பந்தமே இல்லை.